சரக நாக்கு

கடலூரில் ஒரு திறப்பு விழா மேடையில் பெரிய மனிதர் ஒருவர் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, பேச வேண்டிய நேரம் முழுக்க விக்கிக்கொண்டே இருந்தார். அவர் என்ன பேச வந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள யாரும் முயற்சி எடுத்ததாகவும் தெரியவில்லை. ஆனால் மிளகாயைக் கவனிக்க ஓர் அலுவலகம் வேண்டும் என்று அன்று மாலையே முடிவாகிவிட்டது. காரக் கண்காணிப்புப் பிரிவு என்று பெயர் வைத்து, மஞ்சக்குப்பத்தில் மூடிக் கிடந்த ஓர் உரக் கிடங்கைத் திறந்துவிட்டு, ஒரு ஜீப்பும் கொடுத்தார்கள்.

கடையில் விற்கும் மிளகாயில் கை வைத்தால் வியாபாரிகள் கடையடைப்பு செய்வார்கள். வயலில் விளைவதில் கை வைத்தால் விவசாயிகள் ரோட்டில் உட்காருவார்கள். ஆகவே, மனிதர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தானது வீட்டு மாடியிலும் கொல்லையிலும் வளரும் மிளகாய்தான் என்று அலுவலகம் கண்டுபிடித்தது.

இதெல்லாம் பிரிசில்லாவுக்குப் பிற்பாடு தெரிந்த விஷயங்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். பகலெல்லாம் இருட்டறையில் நின்று, மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அங்கே பெயிண்ட் வாளிகளிலும் பைகளிலும் அவளுடைய மிளகாய்ச் செடிகள் இருந்தன. குண்டு மிளகாய், ஊசி மிளகாய், வானத்தைப் பார்த்துக் காய்க்கும் காந்தாரி. எல்லாவற்றுக்கும் நடுவில், ராணுவத்தில் இருக்கும் தம்பி நாகாலாந்திலிருந்து விதை அனுப்பிய ராஜா மிளகாய். அந்த விதையை முளைக்க வைக்க, கதகதப்பாக இருக்கும் இன்வெர்ட்டர் பெட்டியின் மேல், ஈரத்துணியில் சுற்றி, குழந்தையைப் போல வைத்திருந்தாள். இலை சுருட்டியபோது புளித்த மோர் தெளித்தாள். கோடையில் பூவெல்லாம் கொட்டியபோது மட்டும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்ததும் அவளும் கணவன் ஆரோக்கியராஜும் மாடியில் உட்கார்ந்து, புதிதாய்ப் பழுத்ததை ருசி பார்ப்பார்கள். கத்தரிக்கோலால் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு அவளுக்கு, கொஞ்சம் பெரியதாய் ஒன்று அவனுக்கு. பக்கத்தில் ஒரு சொம்பு தயிர். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்: மொதல்ல பலாப்பழ வாசன வருது, அப்புறம் தொண்டைக்குப் பின்னால யாரோ கதவத் தட்டறாங்க, இப்ப தொறந்துட்டாங்க. அதற்கு மேல் பேச்சு வராது. இருவரும் மூக்கு ஒழுக, கண் ஒழுகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் அவனுக்கு ஒப்பந்த வேலை. வாரத்தில் அவன் அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு நேரம்தான்.

பக்கத்து வீட்டுக் கலைமணி ஒருநாள் மீன் குழம்புக்கு என்று ஒரு பழம் கேட்டு வாங்கிப் போனாள். காம்பளவு கிள்ளிப் போடு என்று பிரிசில்லா சொன்னதை மறந்து முழுப் பழத்தையும் போட்டுவிட்டாள். கிள்ளையிலிருந்து வந்திருந்த அவள் கொழுந்தன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ராத்திரிவரை தண்ணித் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. பெருமைதான். போகிற இடமெல்லாம் சொன்னான். சொன்னது கடலூர்வரை போயிற்று.

ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் கண்காணிப்பு அலுவலர் தில்லைநாதன். ஒல்லியான, சுத்தமான மனிதர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி ஏறினார். முதலில் கத்தரிச் செடிக்கு அடையாளத் தகட்டு வில்லை கட்டினார். பிறகு செம்பருத்திக்குக் கட்டினார். பிரிசில்லாதான் சங்கடப்பட்டுக்கொண்டு, மிளகாய் இதுங்க சார் என்று காட்டினாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். தனக்குச் சின்ன வயதிலிருந்தே அல்சர் என்றும், வெறும் தயிர்சோறு தவிர எதையும் தொட்டதில்லை என்றும், அதனால்தான் பாரபட்சமில்லாமல் நடந்துகொள்வார் என்று இந்தப் பதவிக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் சொன்னார்.

அவள் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து ஆறுதலும் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. நீங்க பயப்படற மாதிரி எதையும் செய்யற அதிகாரம் எங்களுக்கு இன்னும் வரல."

ராஜா மிளகாய்ச் செடி அன்று முதல் அலுவலகத்தின் காவலில் இருக்கிறது என்றார். தண்ணீர் ஊற்றலாம். பக்கத்தில் நிற்கலாம். ஆனால் விசாரணை முடியும்வரை அது காய்க்கக் கூடாது. அதை எப்படித் தடுப்பது என்று பிரிசில்லா கேட்டாள். வளர்ப்பவர்தான் அதற்குப் பொறுப்பு என்றார். செடிக்குப் பொறுப்பு என்பது தெரியவில்லை. அது பாட்டுக்குக் காய்த்தது, பழுத்தது. ஒவ்வொரு காயும் தனித்தனி மீறல் என்று ஜீப் டிரைவர் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

விசாரணைக்கு அவள் ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு, பழுத்த ஒரு பழத்தை எவர்சில்வர் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போனாள். கிடங்கில் நுழைந்ததும் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். சுவரோரம் வரிசையாகப் பிடித்துவந்த செடிகள். வெயில் படாமல், வெளிறிப்போய், வில்லை கட்டிய கழுத்துகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. கீரப்பாளையத்திலிருந்து வந்த குடமிளகாய் ஒன்று. அழகுக்கு வைக்கும் குரோட்டன்ஸ் ஒன்று. ஒரு தக்காளிச் செடி. எல்லா வில்லையிலும் ஒரே தீர்ப்பு: அளவு கடந்தது.

நடுவில் ஒரு முக்காலியில் கொளஞ்சி உட்கார்ந்திருந்தார். அவர்தான் அலுவலகத்தின் அதிகாரபூர்வமான நாக்கு. அதிகாரிகள் எல்லோரும் தயிர்சோற்றுக்காரர்கள் என்பதால், ருசி பார்க்க என்று நியமிக்கப்பட்டவர். காலடியில் ஒரு பானை மோர் இருந்தது. அதைத் தொட்டு நாளாகியிருக்க வேண்டும். மேலே ஆடைபோல பூஞ்சை படர்ந்திருந்தது.

கொளஞ்சி பழத்தை வாங்கினார். காம்போடு வாயில் போட்டு, வேகவைத்த கடலையை மெல்வதுபோல மென்றார். பிரிசில்லா பதறிப்போய் எழுந்துவிட்டாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் ஈரம் இல்லை. விழுங்கிவிட்டு, ஒண்ணும் தெரியல சார் என்றார்.

அளவு கடந்தது என்று தில்லைநாதன் தீர்ப்பு சொன்னார்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் காரம் இல்லை என்றுதானே அர்த்தம் என்று பிரிசில்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள். தில்லைநாதனுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அதுதான் அவரைப் பார்த்தால் எல்லோருக்கும் பயம் வரக் காரணம்.

"தெரிஞ்சா எவ்வளவுன்னு சொல்லலாம்மா. தெரியலன்னா, அது அளவுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. இங்க வந்த எதுவும் இதுவரைக்கும் அளவுக்குள்ள இருந்ததில்ல. ஜனங்க எவ்வளவு ஆபத்துல இருக்காங்கன்னு நெனச்சுப் பாருங்க."

"அது தக்காளி சார்" என்று பிரிசில்லா சுவரோரம் இருந்த செடியைக் காட்டினாள்.

"தக்காளி மாதிரி இருக்கறதுதாம்மா அதுல இருக்கற பெரிய ஆபத்து."

இவருடைய நாக்கு செத்துப்போயிருக்கிறது, முதலில் இவரை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள் சொன்னாள். கொளஞ்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். வெகுநாளாய் யாரும் தன்னைப் பற்றிப் பேசாத ஒருவர் தன் பேரைக் கேட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. அரசாங்க நாக்கைச் சந்தேகப்படுவது தனிக் குற்றம், ஆனால் அவள் படித்த பெண் என்பதால் இந்த முறை காதில் விழாததாக வைத்துக்கொள்வதாகத் தில்லைநாதன் சொன்னார்.

கொஞ்ச நாளில், பிடித்துவந்த செடிகளையும் காய்ந்து குவிந்த பழங்களையும் அழிக்கிற நிகழ்ச்சிக்கு உரிமையாளர்கள் எல்லோரையும் வரச்சொன்னார்கள். ஷாமியானா போட்டிருந்தார்கள். தில்லைநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கிடங்குக்குப் பின்னால் மிளகாய் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. மண்ணெண்ணெய் கேனைப் பார்த்ததும்தான் பிரிசில்லாவுக்கு என்ன நடக்கப்போகிறது என்று புரிந்தது. ஓடிப்போய், எரிக்காதீங்க சார், குழி தோண்டிப் பொதச்சிடுங்க என்றாள். வாணலியில் ஒரு பழத்தை வறுத்ததற்கே தானும் வீட்டுக்காரரும் தெருவுக்கு ஓடிவந்த கதையைச் சொன்னாள். அவள் சொன்னதை எல்லாம் தில்லைநாதன் கவனமாகக் கேட்டார். பிறகு ஒலிபெருக்கியில், உரிமையாளர்களில் ஒருவரே தன் செடியின் தாக்கும் திறனை நேரில் வந்து ஒப்புக்கொண்டிருக்கிறார், கைதட்டுங்கள் என்றார். கைதட்டினார்கள்.

தீ வைத்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடல் காற்று திரும்பியது. முதல் வரிசையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்கள். தும்மல், இருமல், அதற்கப்புறம் சத்தமே வராத ஒரு திணறல். நாற்காலிகள் சரிந்தன. பொன்னாடையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தில்லைநாதன் ஜீப்புக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார். பக்கத்துத் தெருக்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள்.

பிரிசில்லா துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அந்தப் புகைக்கு நடுவில் ஓர் ஆள் நின்று, நீளமான கழியால் நெருப்பைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கொளஞ்சி. அவர் இருமவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இவள் கத்திக் கூப்பிட்டதற்கு, எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீங்க போங்க, முடிச்சிட்டுத்தான் வரணும்னு சொல்லியிருக்காங்க என்று சாவகாசமாகப் பதில் சொன்னார். வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அவளுக்குக் கண்ணுக்குள் அந்த ஆளே நின்றார். அந்த வாரமே கொளஞ்சியின் நுரையீரல் போய்விட்டது என்றும், அவருக்கு மருத்துவ ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டாள்.

அலுவலகத்தை மூடிவிடுவார்கள் என்று கலைமணி சொன்னாள். நடந்தது வேறு. வீட்டு மிளகாய் எவ்வளவு பயங்கரமானது என்பதை ஊர் முழுக்க நேரடியாக நிரூபித்துக் காட்டியதற்காக அலுவலகத்துக்குப் பாராட்டு வந்தது. ஊருக்கு ஊர் சரகங்கள் பிரித்தார்கள். ஜீப்புகள் கூடின. தில்லைநாதன் மறுபடி சிதம்பரம் வந்து, வாசலில் நின்றபடியே சிரித்தார்.

"அன்னிக்கு ஒரு அதிகாரம் இன்னும் வரலன்னு சொன்னேன் இல்லம்மா. இப்ப வந்துடுச்சு."

மாடியிலிருந்த எல்லாச் செடிகளையும் வேரோடு பிடுங்கி ஏற்றினார்கள். ஏற்றி முடித்த பிறகும் அவர் போகவில்லை. ஆரோக்கியராஜைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். ராஜா மிளகாயை வாராவாரம் தின்ற மனுஷன் இந்த ஜில்லாவிலேயே நீங்கள்தான், சிதம்பரம் சரகத்துக்கு ஒரு நாக்கு தேவைப்படுகிறது, நிரந்தரப் பணியிடம் என்றார்.

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆரோக்கியராஜ் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பிரிசில்லா பார்த்தாள். தில்லைநாதன் போன பிறகு, கொளஞ்சியைத் தான் பார்த்ததை எல்லாம் சொன்னாள். வேண்டாம் மாமா, அந்த வேலை வேண்டாம் என்றாள். அவன் காலியான வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"வருஷா வருஷம் கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் சொரங்க கேட்டுக்கு வெளியில நிக்கிறேன் புள்ள. ஒரு தடவ உள்ள உக்காந்து பாக்கறேன்."

அவள் மற்ற வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

அவனுடைய நாக்கை நீட்டச்சொல்லி நீளம், அகலம் அளந்தார்கள். அது அவனுடைய சொந்த நாக்குதான் என்று அரசு டாக்டர் சான்று கொடுத்தார். அந்த நாக்கின் மேல் வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள். உறவுக்காரர்கள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்கள். நம்ம குடும்பத்திலயே முதல் அரசாங்க வேலை என்று அவன் அம்மா அழுதாள். கோயிலில் அறிவிப்பு வாசிக்கும்போது ஆரோக்கியராஜின் நாக்குக்காக விசேஷமாக ஜெபித்தார்கள். பிரிசில்லாவும் முழங்காலில்தான் நின்றாள். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றாள்.

முதல் நாள் அவனிடம் ஒரு குடமிளகாயைக் கொடுத்தார்கள். இதுல காரமே இல்ல சார் என்றான். தில்லைநாதன் அவன் தோளில் கை வைத்து, உங்க நாக்கு புதுசு, அனுபவம் பத்தாது என்று பயிற்சிக்கு அனுப்பினார். பயிற்சி என்றால், மிளகாயைக் காய்ச்சி இறக்கிய ஒரு கறுப்புச் சாற்றைத் தினமும் காலையில் நாக்கில் விடுவார்கள். பிறகு அதே குடமிளகாயைக் கொடுத்துக் கேட்பார்கள். சரியான பதில் வருகிறவரை மறுநாளும் நடக்கும்.

அவன் உதடு வீங்கி, பேச முடியாமல் வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. பிரிசில்லா தயிரும் நெய்யும் தடவிவிட்டு அழுவாள். பிறகு வீக்கம் குறைந்துவிட்டது. தேறிவிட்டான் என்று அவன் அம்மா சொன்னாள். ஒருநாள் காலை, அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அவன் ஊதாமல் கடகடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். அவன் கீழுதட்டில் கொப்புளம் எழுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தான். வேலையை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினாள். புரொபேஷன் முடியட்டும் என்றான். முந்தின நாள்தான் அலுவலகத்தில் அவனைப் பாராட்டியிருந்தார்கள். குடமிளகாய்க்கு அவன் சரியான பதில் சொல்லிவிட்டான்.

மழைக்காலம் வந்தது. மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் ஓரம், சிமென்ட் வெடிப்பில், ஒரு நாற்று தலைகாட்டியது. எப்போதோ விதை கழுவிய தண்ணீரில் போய் ஒதுங்கியது போலும். இலையைப் பார்த்ததுமே பிரிசில்லாவுக்கு அது எது என்று தெரிந்துவிட்டது. பிடுங்கிவிடத்தான் குனிந்தாள். கை வரவில்லை. தண்ணீர்த் தொட்டி மறைப்பில் இருந்ததால் தெருவிலிருந்து தெரியாது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் மறைக்கவும் முடியாது, காட்டிக்கொடுக்கவும் முடியாது. வெடிப்பில் வேர்விட்டுக்கொண்டு அது ஒரே ஒரு காய் காய்த்து, அதைப் பழுக்கவும் வைத்துவிட்டது.

அந்தத் தெருவுக்கு ஆய்வு வந்தது ஒரு வேலைநாளில், பட்டப்பகலில். பிரிசில்லாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் லீவு. கலைமணி வீட்டு மாடியில் இருந்து இறங்கி நேராக இவர்கள் வாசலுக்கு வந்தார்கள். தில்லைநாதன், அவருக்குப் பின்னால் இரண்டு காவலாட்கள், கடைசியாக, மார்பில் வெள்ளி நாக்கு வில்லை குத்திய காக்கிச் சீருடையில் ஆரோக்கியராஜ். காலையில் அவன் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது இன்று இந்தத் தெரு என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று உறுதிமொழி எடுத்திருந்தான்.

செடியை ஒரு காவலாள்தான் பார்த்தான். எல்லோரும் தொட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். தில்லைநாதன் பிரிசில்லாவைப் பார்த்து வருத்தமாகத் தலையசைத்துவிட்டு, ஆரோக்கியராஜுக்கு வழி விட்டார்.

அவன் உட்கார்ந்து, காம்பைப் பிடித்துப் பழத்தைப் பறித்தான். பாதியைக் கடித்து மென்றான். பிரிசில்லா அவன் கண்ணையே பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மேலுதட்டைப் பார்த்தாள். எங்கேயும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவன் வேண்டுமென்றே அடக்குகிறானோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். அடக்கிப் பார்த்தவர்களை அவளுக்குத் தெரியும். கழுத்து நரம்பு துடிக்கும். இவன் கழுத்து சும்மா இருந்தது.

"ஒண்ணும் தெரியல சார்."

அளவு கடந்தது என்றார் தில்லைநாதன். சொல்லும்போது அவர் செடியைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவருக்கு அப்பால், அடுத்த வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிசில்லா முன்னால் போய், அவன் விரலிடுக்கில் இருந்த மீதிப் பாதியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். காவலாட்கள் தடுக்கிறதற்குள் மென்றும்விட்டாள். காதுக்குள் இரைந்தது. கன்னம், நெற்றி, கண் எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. கண்ணீர் தாரையாக இறங்கியது. உரிமையாளர் கண்ணீர் விட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத் தில்லைநாதன் உரக்க அறிவித்தார். இல்லை என்று சொல்ல அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

காவலாட்கள் வெடிப்பிலிருந்து செடியைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியராஜ் அவளுக்குக் கிட்டே வந்தான். பணி நேரத்தில் உரிமையாளரோடு பேசக் கூடாது என்பது விதி. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கேயோ தூரத்து ஊரில் மழை எப்படி என்று விசாரிப்பதுபோலக் கேட்டான்.

"எப்டி இருக்குது புள்ள?"

அவள் அவன் கையை இழுத்து, கொதித்துக்கொண்டிருந்த தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தச் சூடு அவனுக்குத் தெரிந்தது. கையை எடுக்காமல் நின்றான்.

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. தெருவில் இன்னும் பாதி வீடு பாக்கி இருந்தது.